குற்றவாளி யார் என்பது தெரிந்த பின்னர்: 'இசட்' திரைப்படம் குறித்து ஒரு மறுப்புரை

அரசியற் படத்துக்கு ஆயுள் குறைவு என்பது திரைப்படத் திறனாய்வாளர் பலரிடையே ஊறிப்போன ஒரு கருத்தாகும். அது சாடும் ஆட்சி வீழ்ந்ததும் படமும் வீழ்ந்துவிடும் என்பர். குற்றக் கதைக்கோ ஆயுள் அதனினும் குறைவு. முடிச்சு அவிழ்ந்த பின் கயிற்றை யார் கையில் வைத்திருப்பர் என்பர். இவ்விரு வாதங்களும் சரியாயின் அரசியற் குற்றக் கதையொன்று இருமுறை சாதல் வேண்டும். 1969 ஆம் ஆண்டு வெளிவந்த கொஸ்தா கவ்ராஸின் 'இசட்' ஒருமுறையேனும் சாகவில்லை. அது சாடிய இராணுவ ஆட்சி 1974 இல் ஒழிந்தது; அதில் நடித்தோரும் அதற்கு இசை தந்தவரும் அதன் மூலநாவலை எழுதியவரும் ஒருவர் பின் ஒருவராக மறைந்தனர். எனினும் படம் இன்னும் பார்க்கப்படுகிறது. ஏன் என்னும் வினாவுக்குக் கூறப்படும் விடைகள் பெரும்பாலும் தவறானவை. படத்தை நிராகரிப்போர் செய்யும் தவறு ஒரு வகையினது. அதனைப் போற்றுவோர் செய்யும் தவறு அதனினும் பாரதூரமானது.

முதலில் நிகழ்ச்சியை நினைவுகூர்தல் நன்று. கிறிகோரிஸ் லம்பிராக்கிஸ் ஒரு மருத்துவர். அதென்ஸ் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றியவர். நீளம் பாய்தலில் போல்கன் போட்டிகளில் வெற்றியீட்டிய விளையாட்டு வீரர். இடதுசாரிகளோடு இணைந்து நின்ற பாராளுமன்ற உறுப்பினர். 1963 ஏப்ரல் 21 ஆந் திகதி மரதனிலிருந்து அதென்சுக்கு நடைபெறவிருந்த சமாதான நடைபவனியை அரசாங்கம் தடைசெய்தது. பங்குபற்ற வந்தோர் கைதுசெய்யப்பட, பாராளுமன்ற உறுப்பினருக்குரிய சிறப்புரிமையின் துணையோடு அவர் தனியொருவராக அவ்வழியே நடந்தார். ஒரு மாதங் கழிந்து, மே 22 ஆந் திகதி, தெசலோனிக்கி நகரிலே சமாதானக் கூட்டமொன்றில் உரையாற்றிவிட்டு வெளியே வந்தபோது, விரைந்து வந்த ஒரு முச்சக்கர வண்டியின் பின்புறத்தில் நின்றவன் அவரது தலையில் அடித்தான். பொலிசார் சூழ நிற்கவே இது நடந்தது. ஐந்து நாட்களின் பின் அவர் இறந்தார். இதனை ஒரு வீதி விபத்தாகக் காட்டவே பொலிசார் முனைந்தனர். கிறிஸ்தோஸ் சார்த்செற்றாக்கிஸ் என்னும் இளம் விசாரணை நீதவான் அக்கூற்றை ஏற்கவில்லை. அடித்தவனிடமிருந்து அடிக்கச் செய்தவரிடம் விசாரணை சென்றது. உயர் பொலிஸ் அதிகாரிகள் மீது குற்றஞ் சாட்டப்பட்டது. வசிலிஸ் வசிலிக்கோஸ் இதனை 1966 இல் நாவலாக்கினார். 1967 ஏப்ரல் 21 இல், அத்தனிமனித நடைபவனி நிகழ்ந்து சரியாக நான்காண்டுகள் நிறைந்த நாளிலே, இராணுவ அதிகாரிகள் கிரேக்கத்தின் ஆட்சியைக் கைப்பற்றினர். இரண்டாண்டுகளின் பின் படம் வந்தது.

முடிச்சு அவிழ்ந்த பின் எஞ்சுவது எதுவுமில்லை என்போர் இப்படத்தின் முதற் காட்சியையே கவனித்தாரல்லர். அதிகாரிகள் நிறைந்த ஓர் அவையிலே, திராட்சைக் கொடிகளைப் பீடிக்கும் பங்கசு நோய் பற்றியும் அதற்குத் தெளிக்க வேண்டிய மருந்து பற்றியும் சலிப்பூட்டும் சொற்பொழிவொன்று நிகழ்கிறது. அதன் பின் எழும் பொலிஸ் படைத் தலைவர் அதே சொற்களை எடுத்து மனிதர்மீது தெளிக்கிறார். கருத்துக்களுக்கும் பங்கசு நோயுண்டு. அதற்கும் முற்காப்பு மருந்திட வேண்டும். பாடசாலையில் ஒருமுறை, பல்கலைக்கழகத்தில் ஒருமுறை, படைச் சேவையில் ஒருமுறை என்று அவர் விளக்குகிறார். கொல்லப்படவிருப்பவர் இன்னும் நகருக்கு வந்து சேரவில்லை. கொலையின் நியாயமோ அரங்கேறிவிட்டது. குற்றவாளி யார் என்பதை இப்படம் ஒரு கணமேனும் மறைக்கவில்லை. எனவே அவிழ வேண்டிய முடிச்சு 'யார்' என்பதன்று. அறிந்த உண்மையை அரசு தன் ஏட்டிலே பதிவு செய்யுமா என்பதே அது. இந்த வினா முடிவு தெரிந்ததும் தீர்ந்துபோவதில்லை.

இன்னுமொன்று. முதன்முறை பார்ப்பவரின் கண் முச்சக்கர வண்டி எங்கிருந்து வரும் என்று தேடுகிறது. அச்சமும் பரபரப்பும் கண்ணை ஒரே புள்ளிக்கு இழுத்துவிடுகின்றன. முடிவை அறிந்தவரின் கண் விடுதலை பெறுகிறது. அது வண்டியை விட்டுவிட்டு அசையாது நிற்கும் பொலிசாரைக் காண்கிறது. கூட்டத்துக்கு மண்டபம் தர ஒப்புக்கொண்ட உரிமையாளர் திடீரெனப் பின்வாங்குவதையும், வேறிடம் தேடுவோரிடம் அதிகாரிகள் சட்டவிதிகளைப் பணிவோடு எடுத்துரைப்பதையும் காண்கிறது. அடிப்பதற்குக் கூட்டிவரப்பட்டவர்கள் எத்தகையோர் என்பதைக் காண்கிறது. கடன்பட்டு வாங்கிய வண்டி, அனுமதிப்பத்திரத்தால் வாழும் சிறு வியாபாரம், பொலிஸ்காரரின் தயவால் மூடிமறைக்கப்பட்ட பழைய குற்றம், இவையே அவர்களைக் கட்டிவைக்கும் கயிறுகள். வர்க்கத்தினின்றும் உதிர்ந்த வறியவனை வறியவருக்கு எதிராகவே ஏவிவிடும் பொறிமுறை இங்கு கொள்கை விளக்கமாகவன்றி, கூலியும் சலுகையும் பற்றிய சிறு பேச்சுக்களாகவே வெளிப்படுகிறது. கிரேக்கர் இதற்கு 'நிழலரசு' என்னும் பொருள்பட ஒரு சொல்லை வைத்திருந்தனர். 1941 முதல் 1944 வரை நீடித்த ஜேர்மனிய ஆக்கிரமிப்பின்போது ஆக்கிரமிப்பாளரோடு ஒத்துழைத்தோர், 1949 இல் முடிவுற்ற உள்நாட்டுப் போரின் பின் நாட்டுப்பற்றாளர் என்னும் புதுப் பெயரோடு அந்நிழலிலே இடம்பிடித்தனர். இவையெல்லாம் இரண்டாம் பார்வையிலேயே துலங்குகின்றன. பரபரப்பு வடிந்த பின் வெறுமை எஞ்சும் என்று கூறுவோர் ஒருமுறை மட்டும் பார்த்தோராதல் வேண்டும்.

மொழி பற்றிப் பயில்வோர் சிறப்பாக நோக்கவேண்டிய இடமொன்றுமுண்டு. விசாரணையில் கீழ்மட்ட அடியாளும் அவனை அறியவே அறியேன் என்னும் உயரதிகாரியும் ஒரே நிகழ்ச்சியை வருணிக்கையில் ஒரே விலங்குவமையை, ஒரே அடைமொழிகளோடு கூறுகின்றனர். உவமை ஒருவருடைய சொத்து. இருவர் வாயில் அது சொல் பிசகாது வருமாயின் இருவருக்கும் ஆசிரியர் ஒருவரே. நீதவான் கைரேகையால் அன்று, நடையியலால் சதியைக் கண்டுபிடிக்கிறார். அதிகாரம் தன்னை மறைக்கப் பயன்படுத்தும் மொழியே அதனைக் காட்டிக்கொடுக்கிறது என்னும் உண்மையை இதனினும் எளிமையாகக் கூறிய படங்கள் அரியன.

இனி இரண்டாவது நிராகரிப்பு. இது முதலாவதைவிடக் கூர்மையானது, இடதுசாரிகளிடமிருந்தே வந்தது. படம் வெளிவந்த 1969 ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சுத் திரைப்பட ஏடான 'கையே து சினெமா'வில் கொமொலியும் நார்போனியும் எழுதிய கட்டுரை, அரசியலைப் பொருளாகக் கொண்டும் அதனைச் சொல்லும் முறையில் ஆளும் கருத்துநிலையை ஏற்றுக்கொள்ளும் படங்களைப் பற்றிப் பேசியது; 'இசட்' தொடக்கம் முதல் இறுதி வரை கருத்துநிலைக்கு ஆட்பட்டதே என்றும் தீர்ப்பளித்தது. வேகமான படத்தொகுப்பு, நல்லவன் தீயவன் என்னும் பாகுபாடு, துரத்தல், தப்பித்தல் ஆகிய ஹொலிவூட் சரக்குகளுக்குள் அரசியலை இட்டு நிரப்பினால், சரக்கே அரசியலை விழுங்கிவிடும் என்பது இத்தரப்பினரின் வாதம். உருவமும் உள்ளடக்கமும் பற்றித் தமிழ்த் திறனாய்வுலகில் நிகழ்ந்த நெடிய விவாதங்களை அறிந்தோருக்கு இந்தக் குரல் அந்நியமானதன்று. மர்மக் கதை என்றதுமே முகஞ் சுளிக்கும் பழக்கமும் அவ்வாறே.

இவ்வாதத்தின் பிழை, உருவத்தை நிலையான ஓர் அச்சாகக் கருதுவதிலே தங்கியுள்ளது. குற்றக் கதை என்னும் உருவம் பார்ப்போருக்கு ஒரு வாக்குறுதி அளிக்கிறது: குற்றம் வெளிப்படும், வெளிப்பட்டது தண்டிக்கப்படும், ஒழுங்கு மீளும். 'இசட்' அந்த வாக்குறுதியைத் தன் முழுப் பலத்தோடும் அளிக்கிறது. பதக்கங்கள் மின்னும் மார்போடு அதிகாரிகள் ஒவ்வொருவராக நீதவான் முன் வருகின்றனர், பெயரும் பதவியும் கேட்கப்படுகின்றன, குற்றச்சாட்டு வாசிக்கப்படுகிறது, தட்டச்சுப் பொறியின் ஓசை துப்பாக்கி வெடிபோல் ஒலிக்கிறது, வெளியேறுபவர் பூட்டிய கதவைத் திறக்க முயன்று தடுமாறுகிறார். திரையரங்குகள் கைதட்டலால் அதிர்வதற்கென்றே அமைந்த காட்சி இது. அதன் பின் சில நிமிடங்களில் அனைத்தும் தகர்கின்றன. சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராக விபத்துக்களில் இறந்தனர், அடியாட்களுக்குச் சிறு தண்டனை, அதிகாரிகள் தப்பினர், நீதவான் விலக்கப்பட்டார், இவற்றையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்த செய்தியாளரும் சிறையிடப்பட்டார் என்று மற்றொரு குரல் கூறுகிறது. வாக்குறுதி அளிக்காதவன் வாக்குத் தவற முடியாது. குற்றக் கதையின் உருவத்தை ஏற்றதனாலேயே அவ்வுருவத்தின் பொய்ம்மையைப் பார்ப்போரின் நெஞ்சிலே உடைக்க இப்படத்தால் முடிந்தது. புதிய உருவம் தேடித் தம்முள் தாமே பேசிக்கொண்ட அக்காலத்துப் பரிசோதனைப் படங்கள் பல, அதனைச் செய்வதற்கு வேண்டிய பார்வையாளரையே பெற்றிருக்கவில்லை.

எனினும் நிராகரிப்போரின் வாதத்தில் உண்மை சிறிதுமில்லை என்றல் நேர்மையாகாது. வெற்றி காட்சியாகக் காட்டப்படுகிறது. தோல்வியோ பெரும்பாலும் சொல்லாகவே கூறப்படுகிறது. காட்சி நினைவில் தங்கும். வாசிக்கப்பட்ட செய்தி மறையும். ஆகவே அரங்கை விட்டு வெளியேறும் பலரின் செவியிலே தட்டச்சுப் பொறியே ஒலித்துக்கொண்டிருக்கிறது. இக்குறையை நெறியாளரும் உணர்ந்திருந்தார் போலும். நற்செய்தி கூற ஓடிவரும் இளைஞனின் முன், ஐரீன் பப்பாஸ் நடித்த கைம்பெண் மகிழ்ச்சியின் சாயலே இன்றிக் கடலோரத்தில் நிற்கும் காட்சி அதற்குச் சான்று. அந்த முகம், வரப்போகும் செய்தியை முன்னரே வாசித்துவிட்ட முகம். ஆயினும் ஒரு முகத்தால் மட்டும் சமன்செய்ய இயலாத அளவுக்கு முந்திய காட்சியின் எடை கனத்துவிட்டது.

இங்கேதான் போற்றுவோரின் தவறு தொடங்குகிறது. அவர்கள் இப்படத்தை ஒரு நேர்மையான மனிதனின் கதையாக்கிவிட்டனர். ஜான் லூயி திரந்திஞான் அந்நீதவானாக நடித்து 1969 இல் கான் விழாவிலே சிறந்த நடிகருக்கான பரிசைப் பெற்றார். நிறக்கண்ணாடியும் உணர்ச்சி காட்டாத முகமும் கொண்ட அவ்வுருவம், அநீதி நிறைந்த அமைப்புக்குள்ளும் கடமை தவறாத ஒருவர் இருந்தாற் போதும் என்னும் ஆறுதலின் சின்னமாகிவிட்டது. இந்த ஆறுதல் வரலாற்றின் முன் நிற்காது. 1966 இறுதியில் நிறைவுற்ற வழக்கிலே வண்டியை ஓட்டியவனும் அடித்தவனும் சில ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றனர், உயரதிகாரிகள் விடுவிக்கப்பட்டனர். சார்த்செற்றாக்கிஸ் 1968 இல் இராணுவ ஆட்சியினரால் பதவி நீக்கப்பட்டார். பின்னர் சிறையிலும் அடைக்கப்பட்டார். விசாரணைக் காலத்தில் நாட்டின் உயர் நீதிமன்ற வழக்குத்தொடுநராக இருந்தவரும், அவ்விசாரணையில் தலையிட்டார் என்று குற்றஞ் சாட்டப்பட்டவருமான கொன்ஸ்தாந்தினோஸ் கொல்லியாஸ், 1967 ஏப்ரலிலே இராணுவ ஆட்சியின் முதற் பிரதமரானார். நேர்மையானவர் சிறைக்கும் தலையிட்டவராகக் கூறப்பட்டவர் பிரதமர் ஆசனத்துக்கும் சென்ற வரலாற்றைத் தனிமனித நேர்மையின் வெற்றிக் கதையாகப் படிப்பது, படத்தின் இறுதி நிமிடங்களுக்கு முன்னரே எழுந்து சென்றவர் செய்யும் திறனாய்வாகும்.

அந்நீதவான் தனியாகவும் நிற்கவில்லை. உண்மையைத் தேடி ஊரூராக அலைந்த செய்தியாளர் சிலர் இருந்தனர். படத்தில் அவர்கள் ஒருவராகச் சுருங்கிவிடுகின்றனர். ஓடும் வண்டியிற் பாய்ந்து ஏறி அடியாளோடு மல்லாடிய ஒரு சாதாரண மனிதன் இருந்தான். அவன் அன்று பாய்ந்திராவிடில் வண்டியும் இல்லை, வழக்கும் இல்லை. தன் உயிருக்கும் பிழைப்புக்கும் அஞ்சாது வாய்திறந்த சாட்சிகள் இருந்தனர். அனைத்துக்கும் மேலாக, லம்பிராக்கிசின் இறுதி ஊர்வலத்தில் அதென்ஸ் வீதிகளை நிறைத்த பெருந்திரள் இருந்தது. அவர் பெயரால் எழுந்த இளைஞர் இயக்கத்துக்குத் தலைமை தாங்கியவர், இப்படத்தின் இசைக்கு உரியவரான மிக்கிஸ் தியோடொராக்கிஸ் ஆவர். 'அவன் வாழ்கிறான்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் முதலெழுத்தைச் சுவரெங்கும் எழுதியோர் அவ்விளைஞரே. அவ்வெழுத்தே படத்தின் தலைப்பு. தலைப்பைத் தந்த மக்கட்டிரள் படத்தில் ஓரமாகவே நிற்கிறது. இதுவே 'இசட்' படத்தின் மெய்யான குறைபாடு. நிராகரிப்போர் இதனை வேகமான படத்தொகுப்பிலே தேடினர். போற்றுவோர் இதனையே சிறப்பென்றனர்.

படத்திலே நாட்டின் பெயர் கூறப்படவில்லை என்பதைப் பலர் 'உலகப் பொதுமை' என்று பாராட்டுவர். உண்மையான மனிதரோடும் நிகழ்ச்சிகளோடும் காணப்படும் ஒற்றுமை தற்செயலானதன்று, வேண்டுமென்றே ஆக்கப்பட்டது என்று படம் தன் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறது. தற்காப்புக்காகத் தயாரிப்பாளர் வழமையாக இடும் வாசகத்தைத் தலைகீழாக்கிய இத்துணிவு, பெயர் சொல்லாமல் பெயர் சொல்லும் முறையாகும். அதனைப் பொதுமை என்று கரைத்துவிடுவோர், 'இது எங்கும் நடப்பதுதானே' என்னும் பெருமூச்சிலே வந்து சேர்கின்றனர். எங்கும் நடப்பது என்னும் வாய்பாடு எங்கும் எதுவும் செய்யாமலிருப்பதற்கு நியாயமாகிவிடும். தெசலோனிக்கியிலே, ஒரு மே மாத இரவிலே, பெயருள்ள ஒருவரைப் பெயருள்ள சிலர் கொன்றனர். இன்ன இடம், இன்ன நாள், இன்னார் என்று அறிந்தமையாலேயே நீதவானால் குற்றஞ் சாட்ட முடிந்தது. பொதுமை எவரையும் கூண்டில் ஏற்றியதில்லை.

படம் பிறந்த சூழலும் போற்றுவோர் விரும்பும் அளவுக்குத் தூயதன்று. கிரேக்கத்தில் எடுக்க இயலாத இப்படம் பிரெஞ்சு மொழியிலே, அல்ஜீரிய உதவியோடு, அல்ஜியர்ஸ் நகர வீதிகளிலே எடுக்கப்பட்டது; அல்ஜீரியாவின் பெயராலேயே சிறந்த பிறமொழிப் படத்துக்கான ஒஸ்கார் விருதையும் பெற்றது. அப்போது அல்ஜீரியாவை ஆண்டவர் 1965 ஜூனில் இராணுவச் சதியின் மூலம் ஆட்சிக்கு வந்த கேணல் பூமெடியன் ஆவர். கேணல்களின் ஆட்சியைச் சாடும் படத்துக்கு வேறொரு கேணலின் ஆட்சி வீதியைத் திறந்துவிட்டது. அண்டை வீட்டுக் குற்றத்தைக் காணும் கண் தன் வீட்டை நோக்கும்போது மங்கிவிடுவது அரசுகளின் இயல்பு. இதனாற் படம் பொய்யாகிவிடாது. ஆயின் இதனை மறைத்துப் படத்தைத் துதிப்போர், படம் கற்பித்த பாடத்தைப் படத்துக்கே பொருத்திப் பார்க்க அஞ்சுவோராவர்.

காலங்கடந்து பார்ப்பவருக்கு மற்றொரு சோதனையும் உண்டு. பின்னர் நிகழ்ந்தவை யாவும் அவருக்குத் தெரியும். இராணுவ ஆட்சி வீழ்ந்தது. அதன் தலைவர்கள் 1975 இல் மரணதண்டனை விதிக்கப்பட்டு, அது ஆயுட்சிறையாக மாற்றப்பட்டது. பதவி பறிக்கப்பட்ட அந்நீதவானே 1985 முதல் 1990 வரை கிரேக்கத்தின் சனாதிபதியாக இருந்தார். ஆகவே இறுதியில் அறம் வென்றதல்லவா என்று ஆறுதலடைவது எளிது. ஆனால் அறம் தானாக வெல்லவில்லை. 1973 நவம்பரில் அதென்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியினுள் புகுந்து வானொலி அமைத்து ஆட்சிக்கு எதிராகக் குரல்கொடுத்த மாணவரின் வாயிற்கதவை யுத்த டாங்கி தகர்த்தது. அடுத்த ஆண்டிலே சைப்பிரஸ் நெருக்கடியில் ஆட்சி சரிந்தது. சனாதிபதி மாளிகை வரை சென்ற ஒருவரின் வாழ்வு, விபத்தில் இறந்ததாகப் படம் கூறும் சாட்சிகளுக்கு உயிர் தராது. ஒருவர் உயர்ந்தார் என்பதைக் கொண்டு வழக்குத் தீர்ந்தது எனக் கொள்வது, வீதி விபத்து என்று எழுதி ஏட்டை மூடிய பொலிசாரின் முறைமைக்கு வெகுதூரத்தில் இல்லை.

படத்தின் இறுதியிலே இராணுவ ஆட்சி தடைசெய்தவற்றின் பட்டியல் வாசிக்கப்படுகிறது. சோபக்கிளீஸ், தோல்ஸ்தோய், சமூகவியல், நவீன இசை, புதிய கணிதம் என நீளும் அப்பட்டியல் ஓர் எழுத்தைத் தடைசெய்வதோடு முடிகிறது. முதன்முறை கேட்போர் நகைக்கின்றனர். எழுத்தொன்றுக்கு அஞ்சும் அரசா என்று வியக்கின்றனர். மறுமுறை கேட்போருக்கு நகைப்பு வருவதில்லை. ஏனெனில் படத்தின் முதற் காட்சியிலேயே இப்பட்டியல் தொடங்கிவிட்டது என்பது அவர்களுக்குத் தெரியும். பாடசாலையில் ஒருமுறை, பல்கலைக்கழகத்தில் ஒருமுறை என்று மருந்து தெளிக்கத் திட்டமிட்டவர் அறிவீனர் அல்லர். எவ்விடத்தில் எது முளைக்கும் என்பதை நன்கறிந்தவர். நூலகத்தையும் விரிவுரை மண்டபத்தையும் அவர் அஞ்சிய அளவுக்கு அங்கிருப்போர் அவற்றை மதிக்கின்றனரா என்பதே, அரை நூற்றாண்டின் பின்னும் 'இசட்' எழுப்பும் வினா. குற்றவாளி யார் என்பது முதற் காட்சியிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்தவர் என்ன செய்தார் என்னும் விசாரணையே இன்னும் முடியவில்லை.